டயர்ச்சாமியிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

கோத்தகிரியில் ஸ்வெட்டர் இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவள் நான். அப்படிப்பட்டவள் மன்னாரில் இறங்கிய சற்று நேரத்திலேயே தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, "இந்த ஊர்ல மனுஷன் எப்படிக் குடியிருக்கான்?" என்று சத்தமாகவே கேட்டேன். பஸ் நிலையத்து நிழலை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டு நின்ற கழுதை ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. பதில் சொல்லவில்லை. இடமும் விடவில்லை.

போனது சித்தப்பாவின் ஆண்டுத் திதிக்கு. அப்பாவும் சித்தப்பாவும் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். தோட்டத்துச் சனத்தை இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் வந்தபோது அப்பாவுக்கு இந்தியா என்று எழுதியது. கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனார். நான் அங்கே பிறந்தவள். சித்தப்பா மாரிமுத்து இங்கேயே நின்றார். தோட்டத்தில் கலவரம் வந்து லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது, குடும்பத்தோடு வடக்கே ஓடிவந்து, மன்னார் மாவட்டத்துப் பெரியமடுவில் காடு வெட்டி வயலாக்கினார். அண்ணன் தம்பி அதற்குப் பிறகு சந்திக்கவேயில்லை. அடுத்த தலைமுறை செல்போனில் சந்தித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

திதி முடிந்து, பெரியமடு வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் கொண்டுபோன வர்க்கி பிஸ்கட்டைப் பங்கு வைத்தோம். கோத்தகிரியில் கடித்தால் நொறுங்கும் வர்க்கி, இந்தக் கடல்காற்றுப் பட்டு ஊறின பிரெட் மாதிரி ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. சித்தப்பா மகள் தவமணிதான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அக்கா, உங்க கேமராவுக்கு வேலை இருக்கு" என்றாள்.

தவமணி ஓட்டோ ஓட்டுகிறாள். மாவட்டத்தில் ஓட்டோ ஓட்டும் பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேசாலையில் ஸ்டெல்லா என்ற அம்மா வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுதி நடத்துகிறார். வருகிறவர்களுக்குக் கடற்கரை பார்த்துச் சலித்துவிட்டது. இடிந்தது, கைவிடப்பட்டது, வழியோரத்து விசித்திரம் என்று கேட்கிறார்கள். அவர்களை நிரந்தரமாக ஏற்றிப்போக ஒரு ஓட்டோ வேண்டும். மன்னார்த் தீவுக்காரர் இரண்டு பேரும் அந்த வேலையைக் கேட்டிருக்கிறார்கள். "என்னத்தைக் காட்டுவீங்கள் எண்டு படத்தோட வாங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்று மூவருக்கும் சொன்ன ஸ்டெல்லா, தவமணியிடம் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்.

"'நீர் வெளியில இருந்து வந்த பிள்ளை எல்லோ. மன்னாரை மன்னார் ஆக்கள் காட்டினாத்தானே வடிவு' எண்டு சொன்னா, அக்கா. நான் பிறந்தது இந்த வீட்டுல. பெரியமடு என்ன, லண்டன்லயா இருக்கு?"

இதைத் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். குரல் ஏறவில்லை. எனக்குத்தான் ஏறியது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் என்று எத்தனையோ முகத்தை அழகாக்கிக் காட்டியவள் நான். "கிளம்புடி, அந்தம்மா வாயைப் பிளக்கிற மாதிரி எடுத்துத் தர்றேன்" என்றேன். வாய்ச்சவடாலில் கோத்தகிரிக்காரியை யாரும் மிஞ்ச முடியாது.

மறுநாள் தெற்குக் கரை. புழுதிக்குப் பயந்து நான் மப்ளர் சுற்றியிருந்தேன். வழியில் காவலரணில் நின்ற சிப்பாய்கள் இருவர் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கொஞ்சதூரம் போனதும் தவமணி மொழிபெயர்த்தாள்: "ஒருத்தன் 'பார், பொம்பிளை ஓட்டுது' எண்டான். மற்றவன் 'அதை விடு, பின்னால இருக்கிற அம்மாவுக்கு இந்த வெயில்லயும் குளிருதாம், காய்ச்சலோ தெரியல' எண்டான்." மப்ளரை அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன்.

அரிப்பில் அல்லிராணிக் கோட்டை. கோட்டை என்று எழுதுகிறேனே தவிர, அது முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஒரு வெள்ளைக்கார கவர்னர் கட்டிய மாளிகை. கடல் அரித்து அரித்து, இப்போது நாலைந்து கனத்த தூண்களும் சில சுவர்களும்தான் மிச்சம். ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகக் கடல் தெரிகிறது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும், முத்துக்கடலை ஆண்ட அல்லிராணியின் அரண்மனை என்றுதான் சொல்வார்கள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ராணி அந்தப் படியிலதான் இருந்து தலை இழுக்கிறவ" என்று, சீப்பால் வாருகிற மாதிரிக் கையை ஆட்டி, எனக்கு இடத்தையே காட்டினார். கவர்னர் பாவம், கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பாடுபட்டுவிட்டு ஒரு ராணிக்கு வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டார். எனக்கு ஒரே சிரிப்பு. எங்கள் ஊரிலும் வெள்ளைக்காரன் கட்டிய பங்களாவை இன்னும் வெள்ளைக்காரன் பேரால்தான் சொல்கிறோம். இவர்களுக்கு இருக்கிற தைரியம் நமக்கு வரவில்லை என்று பட்டது.

கொண்டச்சிக் கடற்கரையில் சிப்பி பொறுக்கலாம் என்று தார் ரோட்டை விட்டு இறங்கச் சொன்னது என் தப்பு. ஓட்டோ மணலில் உட்கார்ந்துவிட்டது. தவமணி இறங்கிச் சுற்றிப் பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், சக்கரத்துக்கு அடியில் வைக்கப் பனைமட்டை தேடப் போனாள். வலை வளைத்துவிட்டு வந்த நாலு பேர் அந்தப் பக்கம் வந்தார்கள். "நீங்க விடுங்கோ தங்கச்சி, நாங்கள் தூக்கிவிடுறம்" என்று சொல்லி, தொட்டிலைத் தூக்குகிற மாதிரி அலுங்காமல் தூக்கித் தாரில் வைத்தார்கள். அதில் ஒருவர் சிலாவத்துறையில் தன் மச்சானுடைய கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். ரொட்டியும் மாட்டுக்கறியும், பிறகு வட்டிலப்பம். கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்ட பிறகு, வர்க்கியைப் பற்றி நான் எங்கேயும் பெருமை பேசவில்லை.

அடுத்த நாள் மன்னார்த் தீவுக்குள் போனோம். பாலத்தின் இரண்டு பக்கமும் உப்பு வெளி, தூரத்தில் பூநாரைக் கூட்டம். ஊருக்குள் பெருக்கமரம் என்கிற பாவோபாப் மரம் நிற்கிறது. அராபியர் ஒட்டகத்துக்குத் தீனியாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காய் முளைத்து வந்த மரம் என்கிறார்கள். யானைக்கால் மாதிரி அடி, உச்சியில் மட்டும் சிலும்பிய நாலு கிளை. அதன் முன்னால் ஒரு கழுதைக்குட்டி படுத்திருந்தது. நான் மண்டியிட்டு, படுத்து, புரண்டு படமெடுப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அராபியா பக்கமிருந்து வந்த கழுதை. இதைத்தான் மன்னார் மன்னார்னு காட்டுறாங்களா?" என்றேன்.

தவமணி கேட்காத மாதிரி ஓட்டோவைக் கிளப்பினாள்.

பேசாலையைத் தாண்டினால் வெறும் மணலும் உடைமரமும் பனைவடலியும்தான். தெற்கே காற்றாலைகள் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆளில்லாத ரோடு. திடீரென்று தவமணி வேகத்தைக் குறைத்தாள். ஹோர்னை ஒருமுறை அழுத்தி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி வேகமெடுத்தாள்.

"என்னடி அது?"

"ஒண்டுமில்ல அக்கா. இந்த ரோட்டுல ஓடுறவங்க பழக்கம்."

"நிப்பாட்டு."

ரோட்டோரம் ஒரு உடைமரத்தின் கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு கல் நட்டிருந்தது. அதைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஒரு பழைய ட்ராக்டர் டயர், பாதி மணலுக்குள் புதைந்து கிடந்தது. டயருக்குள் போல்ட், நட்டு, உடைந்த ஸ்பார்க் பிளக், ஒரு பிளாஸ்டிக் செபமாலை, இங்கே செவ்வரத்தம்பூ என்று சொல்கிற செம்பருத்தி காய்ந்தபடி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைமன்னார்ப் பக்கமிருந்து மீன் லொறி ஒன்று வந்தது. முன்கண்ணாடியில் அந்தோனியார் படம், அதிலிருந்து தொங்கும் சிலுவை. சாரதி வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் தலையை நீட்டி, மரத்தடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"சாமி, கொழும்புக்குப் போட்டு வாறன்!"

லொறி போய்விட்டது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "இதைவிட வேற என்னடி விசித்திரம் வேணும்? அந்தோனியார் லொறிக்குள்ள உட்கார்ந்திருக்கார், இவர் கல்லுகிட்ட சொல்லிட்டுப் போறார்!"

"டயர்ச்சாமி எண்டுதான் இஞ்ச பேர். போறப்ப 'போட்டு வாறன்' எண்டு சொல்லணும். வந்தா 'வந்திட்டன்' எண்டு சொல்லணும். கும்பிடுறதில்ல. சொல்றதோட சரி."

குனிந்து படமெடுக்கப் போனவள் கல்லில் மூன்று குங்குமப் பொட்டைக் கண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் கோத்தகிரித் தேயிலை பேக்டரியின் வாசலில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் வைத்த கல் ஒன்று இருக்கிறது. ரோதைமுனி. மெஷின் சக்கரத்துக்குக் காவல், அதற்கும் இதே மூன்று பொட்டு. காலையில் பெல்ட் ஓடுவதற்கு முன்னால் சூடம் காட்டுவார்கள். தோட்டத்தில் எதைத் தொட்டாலும் அதற்கொரு கல்லை நட்டுச் சாமியாக்கிவிடுவது எங்கள் சனத்துக்கு ரத்தத்தில் ஊறினது. செடி கவ்வாத்து வெட்ட ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி, சக்கரத்துக்கு ஒரு முனி. மீன்பிடிக்கிற கிறிஸ்தவர்களின் ரோட்டில் இது எப்படி?

"தவமணி, இது நம்ம ரோதைமுனி இல்ல?"

அவள் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே சொன்னாள்.

"அப்பா வச்சது."

சித்தப்பா அந்தக் காலத்தில் ஒரு முதலாளியின் ட்ராக்டரில் பெரியமடுவிலிருந்து தலைமன்னாருக்கு விறகு ஏற்றுவாராம். இதே இடத்தில் சக்கரம் கழன்று ட்ரெய்லர் பெட்டியோடு குடைசாய்ந்தது. விறகு முழுக்க மேலே விழுந்தும் மனுஷனுக்கு ஒரு கீறல் இல்லை. அடுத்த பயணத்தில் மலைக்காரர் புத்தி வேலை செய்திருக்கிறது. கல்லைக் கொண்டுவந்து நட்டு, கழன்ற சக்கரத்து டயரையே அதற்கு மாலையாகப் போட்டார். அன்றிலிருந்து போகும்போதும் வரும்போதும் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் வந்த லொறிக்காரர்கள் பார்த்தார்கள். அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு சண்டை வந்தது, ஊர்கள் ஓடின, திரும்பி வந்தன. கல்லை யாரும் அசைக்கவில்லை.

"ஏண்டி இதைச் சொல்லல? முதல்ல காட்ட வேண்டியது இதைத்தான்!"

"வேணாம் அக்கா." அவள் குரல் அப்போதுதான் ஏறியது. "இதைக் கொண்டுபோய்க் காட்டினா, 'தோட்டக்காட்டுப் புத்தி, போற இடமெல்லாம் கல்லை நட்டுட்டுப் போற சனம்' எண்டுதான் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல கேட்டது போதும். எனக்கு அந்த வேலை வேணும்."

 ஆனாலும் படமெடுத்தேன். மாலை வெயில் டயருக்குள் விழுந்து, அந்த நட்டும் போல்ட்டும் காணிக்கைக் காசு மாதிரி மின்னின. எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, இந்தப் பயணத்தில் நான் எடுத்த ஒரே நல்ல படம் இதுதான்.

தலைமன்னாரில் வெளிச்சவீடு என்று சொல்கிற கலங்கரை விளக்கத்தைப் படமெடுத்துவிட்டுப் பழைய இறங்குதுறைக்குப் போனோம். துருப்பிடித்த இரும்புக் கால்கள் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. மேலே பலகையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அப்பா கப்பலேறியது இங்கேதான். சித்தப்பா இங்கே நின்று கையசைத்தாராம். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. தவமணி பனங்கிழங்கை உரித்துக் கையில் கொடுத்தாள். அழுதுகொண்டே தின்றேன். நார் பல்லுக்குள் மாட்டிக்கொண்டதில் அழுகை நின்றுவிட்டது.

படம் என்றால் கையில் பிடிக்க வேண்டும், போனில் தள்ளித் தள்ளிப் பார்ப்பதெல்லாம் படமல்ல என்பது என் கட்சி. மறுநாள் காலையில் மன்னார் டவுனில் பிரிண்ட் போட்டோம். அந்த ஸ்டூடியோக்காரர் என் படங்களைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தொழில்காரி" என்றார். ஒருவார காலம் அதையே நினைத்துக்கொண்டிருக்கும் அளவுக்குச் சந்தோஷம். டயர்ச்சாமி படத்தைத் தவமணி மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாள். கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்டெல்லாவின் விடுதி முற்றத்தில் வேப்பமரமும் நாலைந்து நாற்காலிகளும். நண்டுக்கறியும் இடியப்பமும் வைத்தார். நண்டை நான் உடைக்கத் தெரியாமல் முழிப்பதைப் பார்த்து, தானே உடைத்து என் தட்டில் வைத்தார். கெட்ட மனுஷியில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தார். அல்லிராணிக் கோட்டை, பெருக்கமரம், கழுதைக்குட்டி, வெளிச்சவீடு, இறங்குதுறை. ஒவ்வொன்றுக்கும் "நல்ல வடிவு", "நல்ல வடிவு" என்றார். கடைசியில் அடுக்கி வைத்துவிட்டு, "படங்கள் திறம். பொய் சொல்லேல்ல. ஆனா மற்ற ரெண்டு பேரும் இதே மரத்தையும் இதே கோட்டையையும்தான் கொண்டு வந்தவை, பிள்ளை. பிறகு நான் என்னத்தை வச்சு..." என்று இழுத்தார்.

நான் வாயைத் திறக்கப்போனேன். தவமணி என் கையை அழுத்தினாள். கைப்பையைத் திறந்து, அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. "அட! எங்கட டயர்ச்சாமி!"

படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "என்ன வடிவா இருக்கிறார், பாருங்கோ! இது எங்கட அப்பப்பா காலத்துக்கும் முந்தினது. போர்த்துக்கேயர் வரேக்கையே இருந்ததாம் எண்டு சொல்லுறவை. வெளியாக்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாதே. அந்த ரெண்டு பேரும்கூட இத நினைக்கேல்ல. நீர் எப்படிக் கண்டுபிடிச்சீர்?"

போர்த்துக்கேயர் ட்ராக்டரிலா வந்தார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அல்லிராணிக்கு அரண்மனை கொடுத்த சனம் அல்லவா?

தவமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் கண்டுபிடிக்கேல்ல, அம்மா. அது எங்கட அப்பா நட்ட கல்லு. தோட்டத்துல ரோதைமுனி எண்டு சொல்லுவம். அந்த டயர் அவர் ஓட்டின ட்ராக்டரின்ட டயர்."

  ஸ்டெல்லா படத்தையும் தவமணியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ!" என்று கூப்பிட்டார்.

சாரத்தை மடித்துக்கட்டியபடி கணவர் வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. கொழும்புக்குப் போட்டு வாறன் என்று முந்தின நாள் தலையை நீட்டிய அதே மீன் லொறிக்காரர், இரவோடு இரவாகப் போய்த் திரும்பியிருக்கிறார். ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னார். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் உம்மட அப்பாட்டையோ சொல்லிப்போட்டுப் போனனான்?"

தவமணி தலையாட்டினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"சண்டை நேரம் செக்பொயின்ற் ஒவ்வொண்டிலயும் இறக்கி ஏத்தேக்க, அந்தோனியாருக்கு அடுத்தபடியா நான் நம்பினது இவரைத்தான், பிள்ளை. ஒருநாளும் கைவிடேல்ல." படத்தைக் கவனமாக மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்: "அப்பான்ர பேர் என்ன?"

"மாரிமுத்து."

"மாரிமுத்தர்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்லது. இனிப் பேர் தெரிஞ்சு சொல்லலாம்."

ஸ்டெல்லா எழுந்துபோய், உள்சுவரில் மாதா படத்துக்குக் கொஞ்சம் தள்ளி அந்தப் படத்தை ஒட்டிவிட்டு வந்தார். "நான் அண்டைக்குச் சொன்னது பிழை, பிள்ளை" என்றார். அதற்குமேல் சுற்றி வளைக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேர் வருகினம். நீர்தான் கூட்டிக்கொண்டு போறீர்." எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. நண்டுக்கறிக் கையோடு தவமணியைக் கட்டிப்பிடித்தேன். அவளுடைய புதுச்சட்டை போச்சு.

ஞாயிற்றுக்கிழமை நான் தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டும். அதே ஓட்டோவில், முதல் விருந்தாளிகளோடு நானும் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டேன். நரைத்த பிரெஞ்சுக்காரக் கணவனும் மனைவியும். என் பெட்டி மனைவியின் மடியில், கணவருடைய தொப்பி என் மடியில்.

உடைமரத்தடியில் தவமணி ஓட்டோவை நிறுத்தினாள். யாரோ டயருக்குள் புதிதாகச் செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள். பின்னாலேயே கொழும்பிலிருந்து திரும்பிய மீன் லொறி வந்தது. ஸ்டெல்லாவின் கணவர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. நேரே மரத்தடிக்குக் குரல் கொடுத்தார்: "மாரிமுத்தர், வந்திட்டன்!"

பிரெஞ்சுக்காரர் கேமராவை இறக்கிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "இது எந்தக் காலத்துத் தெய்வம்?"

தவமணியின் ஆங்கிலம் கையளவுதான். அதற்கு அது போதும். நெஞ்சில் கைவைத்து, மன்னார் முழுக்கக் கேட்கட்டும் என்கிற மாதிரிச் சொன்னாள்:

"இவர் என் அப்பா."

பிரெஞ்சுக்காரர் தொப்பியைத் தேடினார். அது என் மடியில் இருந்தது. போட்டுக்கொள்வதற்காகத் தேடுகிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிப் போய்க் கல்லின் முன்னால் நின்றார். நானும் இறங்கினேன். எங்கள் அப்பா கப்பலில் இருந்து தம்பியிடம் என்ன சொல்லிக் கையசைத்தாரோ தெரியாது. நான் சொன்னேன்:

"போயிட்டு வர்றேன், சித்தப்பா."